1969 கமாரோவில் எல்எஸ்3: பழைய காரைச் சீரமைத்துப் புதிய எஞ்சின் பொருத்த முழுமையான வழிகாட்டி

ஜெனரல் மோட்டார்ஸின் நவீன வி8 எஞ்சினான எல்எஸ்3-ஐ 1969 செவ்ரோலே கமாரோவின் பானெட்டுக்குள் இறக்கி மவுண்டுகளின் மேல் உட்காரவைக்க ஒரு பிற்பகல் போதும். ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) ஸ்டியரிங் கம்பியில் இடிப்பது, ஏசி கம்ப்ரஸர் சப்ஃபிரேமில் (எஞ்சினைத் தாங்கும் முன்சட்டம்) முட்டுவது, நெடுஞ்சாலை வேகத்தில் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிர்வது, ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தும் சிலிண்டர் ஹெட்டில் நீராவி தேங்குவது ஆகியவற்றைத் தீர்க்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் எஞ்சினைவிட அதைச் சுற்றியிருப்பவற்றுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். வேலையின் வரிசை முழுவதும் ஒரே விதியைப் பின்பற்றுகிறது: பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே எஞ்சின், கியர்பாக்ஸ், புகைக்குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒருமுறை காரில் முழுமையாகப் பொருத்தப்பட்டு, மீண்டும் வெளியே வந்திருக்க வேண்டும்.

எந்தக் காரை எடுப்பது

ஃபோர்டு மஸ்டாங்குக்குப் போட்டியாக ஜெனரல் மோட்டார்ஸ் 1966 செப்டம்பரில் கமாரோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் முதல் தலைமுறை 1967, 1968, 1969 ஆகிய மூன்று மாடல் ஆண்டுகளோடு முடிந்தது. ஒஹையோவின் நார்வுட்டிலும் கலிபோர்னியாவின் வான் நைஸிலும் இருந்த ஆலைகளில் இவை தயாராயின. இந்தக் காரின் அமைப்பு நம் வேலைக்கு மிகவும் தோதானது: ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் பயணியர் அறைக்கும் இடையிலான தடுப்புத் தகடு) பின்னால் உள்ள உடல் ஒற்றைக் கூடாகவும், முன்பகுதி போல்ட்டுகளால் இணைக்கப்பட்ட தனி சப்ஃபிரேமாகவும் இருப்பதால், முன்சட்டத்தை அப்படியே கழற்றி வெளியே வைத்து வேலை செய்யலாம். உதிரி உலோகத் தகடுகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. டைனகார்ன் நிறுவனம் முழு உடல்கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறது.

கார் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வாகன அடையாள எண். 1968 முதல் அது டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடி வழியாகத் தெரியும் இடத்தில் இருக்கிறது. எண் 123 என்று தொடங்கினால் அந்தக் கார் ஆலையிலிருந்து ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் வந்தது என்றும், 124 என்று தொடங்கினால் வி8 எஞ்சினுடன் வந்தது என்றும் பொருள். இந்த வேலைக்கு ஏற்றது ஆறு சிலிண்டர் கார், அல்லது தன் மூல எஞ்சினை எப்போதோ இழந்துவிட்ட வி8 கார் என்பதே என் உறுதியான கருத்து. எஞ்சின் பிளாக்கின் முன்பக்கத் தட்டையில் பொறித்த எண் காரின் எண்ணோடு ஒத்துப்போகும் ஒரு இசட்/28-ஐ (கமாரோவின் அதிவேக வகை) வெட்டிப் புதிய எஞ்சின் ஏற்றினால், திரும்பக் கிடைக்காத ஒன்றை அழித்துவிடுகிறோம். அப்படி ஒரு கார் உங்களிடம் ஏற்கெனவே இருக்குமானால், மூல எஞ்சினை எண்ணெய் பூசி மூடிப் பாதுகாத்து, காரில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடாத முறையைத் தேர்ந்தெடுங்கள். பொறித்த எண் உள்ள தட்டையை எந்த லேத் பட்டறையும் சீவிவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

துரு இந்தக் கார்களில் சில குறிப்பிட்ட இடங்களை விரும்பித் தின்னும். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பெட்டிப் பகுதி, பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு, டிக்கியின் தரை, பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பக்கவாட்டுத் தகட்டின் அடிப்பகுதி, ஓட்டுநர் கால் வைக்கும் தரை, சப்ஃபிரேமை உடலோடு இணைக்கும் மவுண்ட் துளைகள் ஆகியவற்றை டார்ச் விளக்கும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டு ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழ் உள்ள பெட்டியை எளிதில் பார்க்க முடியாது. அதில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அது காலடியில் சொட்டுகிறதா என்று பார்ப்பது பழைய, நம்பகமான சோதனை. பளபளப்பான பெயிண்டுக்குக் கீழே தடித்த பட்டி மறைந்திருக்கலாம் என்பதால் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுவதும் நகர்த்திப் பார்ப்பதும் நல்லது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே தீர்மானியுங்கள்

எல்எஸ் குடும்பத்தின் முதல் எஞ்சினான எல்எஸ்1, 1997 கார்வெட்டில் அறிமுகமானது: 5.7 லிட்டர், அலுமினிய பிளாக். இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் எல்எஸ்3, 2008 கார்வெட்டில் வந்தது. 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன், 424 பவுண்ட்-அடி முறுக்குவிசை. பணம் குறைவென்றால் 1999-க்குப் பிந்தைய செவ்ரோலே பிக்கப் வண்டிகளின் 5.3 லிட்டர் இரும்பு பிளாக் எஞ்சின் பழைய வாகனக் கிடங்குகளில் தாராளமாகக் கிடைக்கும். அது நல்ல எஞ்சின்தான், ஆனால் முன்சக்கரங்களின் மேல் கூடுதல் எடையை ஏற்றும். 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பிந்தைய பிக்கப் எஞ்சின்கள் பலவற்றில், பாதிச் சிலிண்டர்களை அணைத்து எரிபொருள் சேமிக்கும் அமைப்பு உண்டு. அதன் லிஃப்டர்கள் (வால்வுகளை இயக்கும் உறுப்புகள்) பழுதாவது நன்கு அறியப்பட்ட குறை என்பதால் அத்தகைய எஞ்சினை வாங்கினால் அந்த அமைப்பை நீக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

செவ்ரோலேயின் பழைய ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினுக்கும் எல்எஸ்ஸுக்கும் பெல் ஹவுசிங்கின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) போல்ட் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. இதை நம்பிப் பழைய கியர்பாக்ஸை அப்படியே மாட்டப் போகிறவர்கள் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள்: எல்எஸ் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முகம் பழையதைவிட 0.4 அங்குலம் உள்ளே இருக்கிறது. பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் அதற்கென்று விற்கும் ஸ்பேசரும், மேனுவல் என்றால் அதற்கேற்ற பைலட் பேரிங்கும் போட்டே ஆக வேண்டும்.

மேனுவலில் இரண்டு வழிகள் உண்டு. ட்ரெமெக்கின் ஆறு கியர் டி56 மேக்னம் வலிமையானது; ஆனால் உடல் பெரிது, முதல் தலைமுறைக் கமாரோவின் தரை நடுவில் ஓடும் டனலை வெட்டி உயர்த்தாமல் அது உட்காராது. அதே நிறுவனத்தின் ஐந்து கியர் டிகேஎக்ஸ், பழைய கார்களின் குறுகிய டனலை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது, 600 பவுண்ட்-அடி வரை தாங்கும். நான் டிகேஎக்ஸைத்தான் பரிந்துரைப்பேன். ஒருமுறை வெட்டிய தரையைப் பழையபடி ஆக்குவது எளிதல்ல. ஒரு கூடுதல் கியர் அந்த விலைக்குத் தகுதியானது என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது: 3.73 விகிதப் பின் ஆக்சில், 26 அங்குல டயர், டிகேஎக்ஸின் 0.68 ஐந்தாவது கியர் ஆகியவற்றோடு மணிக்கு 70 மைல் வேகத்தில் எஞ்சின் சுமார் 2,300 சுற்றுகளில் ஓடும். ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் உயர் கியர்) இல்லாத பழைய நான்கு கியர் பெட்டியில் அதே வேகத்துக்கு 3,370 சுற்றுகளுக்கு மேல் தேவைப்படும்.

பிரித்தல், பதிவு, உலோகம்

பிரிக்கும் முன் ஒவ்வொரு பகுதியையும் பல கோணங்களில் படமெடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் இட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். பழைய காரின் மரைகள் அனைத்தும் அங்குல அளவு, புதிய எஞ்சினின் மரைகள் அனைத்தும் மில்லிமீட்டர் அளவு என்பதை இந்தக் கட்டத்திலேயே மனத்தில் கொள்ளுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் அலுமினிய பிளாக்கின் மரை நொடியில் கெட்டுவிடும்.

தரைத் தகட்டை வெட்டும் முன் கதவு இடைவெளிகளை அளந்து குறித்துக்கொண்டு, கதவுத் திறப்பின் குறுக்கே குழாய்களை வெல்டிங் செய்து உடலை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். முட்டு இல்லாமல் தரையையும் பக்கச் சட்டத்தையும் ஒரே நேரத்தில் அறுத்தால் உடல் சில மில்லிமீட்டர் தொய்ந்துபோகும். அந்தக் குறை பெயிண்ட் முடிந்து கதவு மூடாதபோதுதான் தெரியவரும். ஒரு பக்கத் தகட்டை முழுமையாக முடித்தபின் மறுபக்கத்தைத் தொடுவதே முறை. அகன்ற தட்டைத் தகடுகளில் மணல் வீசித் துருவை நீக்கும்போது தகடு நெளிந்துவிடும் என்பதால் பானெட், கூரை, கதவு ஆகியவற்றுக்கு மென்மையான பிளாஸ்டிக் துகள் அல்லது வேதிமுறையைப் பயன்படுத்துங்கள். வெறும் உலோகம் தெரிந்த அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும்.

சப்ஃபிரேமை மீண்டும் மாட்டும்போது பழைய ரப்பர் புஷ்களை மாற்றுங்கள். ஃபயர்வாலுக்கு அருகே சப்ஃபிரேமிலும் உடலிலும் ஆலையே விட்டுவைத்த சீரமைப்புத் துளைகளில் கம்பிகளைச் செருகி, குறுக்கு அளவுகளை எடுத்து, சமமானபின் போல்ட்டுகளை இறுக்குங்கள். இது பிசகினால் சக்கரச் சீரமைப்பு எந்தப் பட்டறையிலும் சரிவராது.

மாதிரிப் பொருத்தம்

உலோக வேலை முடிந்தது, பெயிண்ட் இன்னும் இல்லை. இந்த இடைவெளியில்தான் வேலையின் இதயம் இருக்கிறது. முடிந்தால் உள்ளுறுப்புகள் இல்லாத ஒரு வெற்று எல்எஸ் பிளாக்கையும் ஹெட்டுகளையும் இதற்குப் பயன்படுத்துங்கள். இருபது முறை ஏற்றி இறக்கினாலும் இடுப்பும் புது எஞ்சினும் தப்பிக்கும்.

பழைய எஞ்சினின் மவுண்ட் மூன்று போல்ட் அமைப்பு, எல்எஸ்ஸின் மவுண்ட் நான்கு போல்ட் அமைப்பு. இடையே வைக்கும் அடாப்டர் தட்டுகள் பல வகைகளில் கிடைக்கின்றன. சில எஞ்சினைப் பழைய இடத்திலேயே நிறுத்தும், சில பின்னுக்குத் தள்ளும். மவுண்ட், ஆயில் சம்ப், ஹெடர் குழாய் (எஞ்சினிலிருந்து புகையை எடுத்துச் செல்வது), கியர்பாக்ஸ் குறுக்குச்சட்டம் ஆகிய நான்கையும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொகுப்பாக வாங்குவதே விவேகம். தனித்தனியாக வாங்கிய பொருள்கள் ஒவ்வொன்றும் நல்லதாக இருந்தும், ஒன்று சேரும்போது ஹெடர் குழாய் ஸ்டியரிங் பெட்டியில் இடித்து நிற்பது வாடிக்கை.

ஆயில் சம்ப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் தலைமுறைக் கமாரோவில் ஸ்டியரிங் இணைப்புக் கம்பிகள் முன் ஆக்சில் கோட்டுக்குப் பின்னால், எஞ்சினுக்கு நேர் கீழே ஓடுகின்றன. பிக்கப் வண்டியின் சம்ப் மிக ஆழமானது. அது குறுக்குச்சட்டத்துக்குக் கீழே தொங்கி, சாலையின் முதல் மேட்டிலேயே உடையும். 1998 முதல் 2002 வரையிலான கமாரோவின் சம்ப் ஓரளவு பொருந்தும். ஹாலி நிறுவனமும் செவ்ரோலே பெர்ஃபார்மன்ஸும் இத்தகைய மாற்றங்களுக்கென்றே செய்த சம்ப்புகளை விற்கின்றன, அவையே சிறந்தவை. எதைப் போட்டாலும் சக்கரங்களை இடது எல்லையிலிருந்து வலது எல்லை வரை முழுமையாகத் திருப்பி, கம்பிக்கும் சம்ப்புக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். எஞ்சின் இழுவையில் மவுண்ட் ரப்பரின் மேல் அசையும் என்பதால், நின்ற நிலையில் உரசாமல் இருப்பது மட்டும் போதாது. எல்எஸ் சம்ப் வெறும் எண்ணெய்த் தொட்டியும் அல்ல. அது வார்ப்பு அலுமினியத்தில் ஆன கட்டமைப்பு உறுப்பு, பெல் ஹவுசிங்கோடு சேர்த்து முடுக்கப்படுவது. மாட்டும்போது அதன் பின்விளிம்பு பிளாக்கின் பின்முகத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துச் சரிபார்த்தபின் இறுக்குங்கள்.

முன்பக்க பெல்ட் அமைப்பில் பிக்கப், கார்வெட், 1998–2002 கமாரோ என ஒவ்வொன்றுக்கும் புல்லி தூரம் வேறு. ஒரு வகையின் டாம்பரோடு (கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனைச் சக்கரம்) மற்றொரு வகையின் தண்ணீர் பம்ப் சேராது. கீழே வலப்பக்கம் அமரும் ஏசி கம்ப்ரஸர் சப்ஃபிரேமில் முட்டும். அதை மேலே தூக்கும் பிராக்கெட்டை வாங்குவது சட்டத்தை வெட்டுவதைவிட நூறு மடங்கு மேல்.

கியர்பாக்ஸை மாட்டும் முன் பெல் ஹவுசிங்கின் மையத் துளை கிராங்க் ஷாஃப்ட்டின் மையத்தோடு ஒத்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். விலகல் 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் அதற்கென்று உள்ள விலகல் ஊசிகளைப் போட்டுத் திருத்துங்கள். பலரும் தவிர்த்துவிடும் இந்த அரைமணி நேர வேலைதான் கியர்பாக்ஸ் உள்தண்டின் பேரிங்கைக் காப்பாற்றுகிறது. பழைய கிளட்ச் இணைப்புக்கான பிடிமானம் எல்எஸ் பிளாக்கில் இல்லை என்பதால் கிளட்ச்சை ஹைட்ராலிக்காக மாற்றுவதே நேர்வழி.

அடுத்தது கோணம். காரின் முழு எடையும் சக்கரங்களின் மேல் இருக்கும்போது கியர்பாக்ஸின் வெளித்தண்டு எத்தனை டிகிரி கீழ்நோக்குகிறதோ, அத்தனை டிகிரி பின் ஆக்சிலின் பினியன் (புரொப்பல்லர் ஷாஃப்ட் இணையும் தண்டு) மேல்நோக்க வேண்டும். பொதுவாக மூன்று டிகிரியை ஒட்டி வைப்பார்கள். இரண்டும் இணையாக இருந்தால் முன் ஜாயின்ட் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் சமன்செய்துவிடும். இணை இல்லாவிட்டால் அந்த ஏற்ற இறக்கம் அதிர்வாக இருக்கைக்கு வந்து சேரும். எத்தனை முறை ஷாஃப்ட்டைச் சமநிலைப்படுத்தினாலும் போகாது. கோணம் தீர்மானமான பிறகே புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு அளவெடுங்கள்.

எரிபொருளும் குளிர்விப்பும்

பழைய கார்புரேட்டருக்கு எஞ்சினில் பொருத்திய பம்ப் தரும் ஐந்தாறு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்ட்) அழுத்தமே போதுமானது. எல்எஸ்3 இன்ஜெக்டர்களுக்குத் தேவை 58 பிஎஸ்ஐ. பழைய தொட்டியோடு வெளியே ஒரு பம்ப்பை இணைப்பது மலிவுதான். ஆனால் அது இரைச்சலிடும், சூட்டில் பெட்ரோலை ஆவியாக்கிவிடும், வளைவுகளில் தொட்டியின் எரிபொருள் ஒருபக்கம் ஒதுங்கும்போது காற்றை உறிஞ்சும். உள்ளேயே பம்ப்பும் தடுப்புச் சுவர்களும் கொண்டு, 1969 கமாரோவின் அளவிலேயே செய்யப்பட்ட புதிய தொட்டியை வாங்குங்கள். 1999 முதல் 2003 வரையிலான கார்வெட்டின் ஃபில்டர், அழுத்தச் சீராக்கியைத் தன்னுள்ளேயே கொண்டது. அதைத் தொட்டிக்கு அருகே பொருத்தினால் திரும்பும் குழாய் அங்கேயே முடிந்துவிடும், எஞ்சின் வரை ஒரே குழாய் போதும். குழாய்கள் இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கென்று தரப்படுத்தப்பட்டவையாக இருக்க வேண்டும். கார்புரேட்டர் ரப்பர் குழாய் இங்கே தீ விபத்துக்கான அழைப்பு.

குளிர்விப்பில் இரு நுட்பங்கள் உள்ளன. எல்எஸ் ஹெட்டுகளின் முன்மூலைகளிலிருந்து வரும் சிறு நீராவிக் குழாயை ரேடியேட்டரின் மேல்பகுதிக்கோ தண்ணீர் பம்ப்பின் மேல்பகுதிக்கோ கொண்டுசெல்ல வேண்டும். அடைத்துவிட்டால் ஹெட்டின் உச்சியில் நீராவிக் குமிழி தேங்கி, மீட்டரில் சூடு தெரியும் முன்பே உலோகம் வெந்துவிடும். இரண்டாவது, தெர்மோஸ்டாட் பழைய எஞ்சின்களைப் போல நீர் வெளியேறும் வழியில் இல்லாமல் உள்நுழையும் வழியில் இருக்கிறது. ஹீட்டர் குழாய் வழியாகச் சுற்றும் சூடான நீரைக் கொண்டுதான் அது திறக்கிறது. காரில் ஹீட்டர் வைக்காதவர்கள் அந்த இரு முனைகளையும் மூடாமல் ஒரு குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும்.

வயரிங்

எல்எஸ்3-க்கு உரிய கட்டுப்பாட்டுக் கணினி இ38. கணினி, மின்னணு ஆக்சிலரேட்டர் பெடல், திராட்டில் பாடி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வேறு வண்டியிலிருந்து எடுத்தால் எஞ்சின் சரியாக ஓடாது. கிராங்க் ஷாஃப்ட்டின் வேகத்தை அளக்கும் பல்சக்கரமும் அப்படியே: எல்எஸ்3-இல் 58 பல், பழைய எல்எஸ்1-இல் 24 பல், கணினிகள் மாறிப் பொருந்தா. புதிய எஞ்சின் வாங்குபவர்கள் செவ்ரோலே பெர்ஃபார்மன்ஸின் கணினியும் வயர்த் தொகுப்பும் சேர்த்து வாங்கினால் பாதித் தலைவலி குறையும். பழைய வண்டியிலிருந்து எடுத்த கணினியானால் திருட்டுத் தடுப்புப் பூட்டை மென்பொருள் வழியாக நீக்காமல் வண்டி ஸ்டார்ட் ஆகி நிலைக்காது.

இத்தகைய கார்களில் விளங்காத மின்கோளாறு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் எர்த் கோளாறுதான். பேட்டரியிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கும், பிளாக்கிலிருந்து சப்ஃபிரேமுக்கும், பிளாக்கிலிருந்து உடலுக்கும் தனித்தனியாகத் தடித்த வயர்களை, பெயிண்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் இறுக்குங்கள். சப்ஃபிரேம் ரப்பர் புஷ்களின் மேல் நிற்பதால் அது உடலோடு மின்தொடர்பில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆக்ஸிஜன் சென்சார்களைக் குழாயின் அடியில் பொருத்தாமல், நீர் தேங்காதபடி கிடைமட்டத்துக்கு மேலே சாய்த்துப் பொருத்துங்கள்.

கலிபோர்னியாவில் 1975-ஆம் ஆண்டு வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. மற்ற மாநிலங்களின் விதி வேறுபடும் என்பதால் பொருள் வாங்கும் முன் உங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள்.

பிரேக், சஸ்பென்ஷன், இறுதிப் பொருத்தம்

முன்சக்கரங்களில் இன்னும் டிரம் பிரேக் இருந்தால் டிஸ்க்குக்கு மாற்றாமல் 430 குதிரைத்திறனைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. எளிய மாடல்கள் பலவற்றில் பின்பக்கம் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்தான் இருந்தது. புதிய முறுக்குவிசையில் அது முறுக்கிச் சக்கரத்தைத் துள்ளவைக்கும், பல பட்டை ஸ்பிரிங்குக்கு மாறுங்கள். சிறிய 10 போல்ட் ஆக்சிலை 12 போல்ட்டாகவோ ஃபோர்டின் 9 அங்குல வகையாகவோ மாற்றுவது வழக்கம். அலுமினிய எல்எஸ்3 பழைய இரும்பு எஞ்சினைவிடச் சுமார் நூறு பவுண்ட் எடை குறைவு, எனவே முன்பகுதி உயர்ந்து நிற்கும். முன் ஸ்பிரிங்கை இந்த எடைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் பொருந்திய பிறகு, வெல்டிங் செய்ய வேண்டிய பிராக்கெட்டுகள், ஃபயர்வாலில் போட வேண்டிய துளைகள், குழாய்ப் பிடிகள் அனைத்தையும் முடித்து, மொத்தத்தையும் மீண்டும் கழற்றிவிட்டுப் பெயிண்டுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் கட்டுவது, அதே வேலையை இரண்டாம் முறை செய்வதால், வியப்பூட்டும் அளவுக்கு விரைவாக முடியும்.

முதல் ஸ்டார்ட்

பழைய ஸ்மால் பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில்லால் ஆயில் பம்ப்பைச் சுழற்றி முன்கூட்டியே எண்ணெய் ஏற்றலாம். எல்எஸ்ஸில் பம்ப் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் இருப்பதால் அது முடியாது. எண்ணெய்ப் பாதையின் அடைப்பு போல்ட்டைக் கழற்றி, அழுத்தக் கலன் மூலம் எண்ணெயை உள்ளே செலுத்துங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, எரிபொருள், இக்னிஷன் ஃபியூஸ்களை நீக்கி, மீட்டரில் அழுத்தம் எழும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அடுத்து எரிபொருள் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விளக்கு வைத்துக் கசிவு பாருங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஓடத் தொடங்கியதும் காரின் முன்பகுதியை உயர்த்தி வைத்துக் காற்றுக்குமிழிகள் வெளியேறும்வரை தண்ணீரை நிரப்புங்கள். கேம் லிஃப்டர்கள் உருளை வகை என்பதால் பழைய எஞ்சின்களுக்குச் செய்வதுபோல இருபது நிமிடம் உயர்சுற்றில் ஓட்டிப் பழக்க வேண்டியதில்லை. சக்கரச் சீரமைப்புக்குப் போகும்போது 1969-இன் கையேட்டு அளவுகளைக் கொடுக்காதீர்கள். அவை அக்கால பயஸ் டயர்களுக்கானவை. இன்றைய ரேடியல் டயர்களுக்குக் கூடுதல் நேர்மறைக் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) வேண்டும். முதல் நூறு மைல்களுக்குப் பிறகு சப்ஃபிரேம், எஞ்சின் மவுண்ட், ஹெடர், புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபார்த்து, ஸ்டியரிங் கம்பிக்கு மேலே சம்ப்பின் அடியில் புதிய உரசல் தடம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.